யாருடைய பால் என்று மெஷினுக்குத் தெரியாது

ஜூலை 1, செவ்வாய்

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். குளியலறையைத் தாழிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது தட்டினால் வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நான் எழுதுவது தெரிந்தால் அத்தை வாங்கிப் படித்துவிடுவார். அக்காவின் மாமியாருக்கு அடுத்தவர் பொருள் என்று ஒன்று கிடையாது. அதிலும் என் பொருள் என்றால் கேட்கவே வேண்டாம்.

அம்மா இறந்த பிறகு, அக்கா கல்யாணமாகி இங்கே வந்தபோது அப்பா என்னையும் கூடவே அனுப்பிவிட்டார். அவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை என்னைக் காட்டி, "இது இலவச இணைப்பு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

இன்றும் பள்ளிக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரியில் பால் கொடுத்துவிட்டுப் போனேன். அக்காவின் குழந்தை ஏழாம் மாதமே பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். நான்தான் சுண்டு என்று பெயர் வைத்தேன். அவன் கை முழுவதும் என் சுண்டுவிரலைப் பிடிக்கத்தான் போதும். அக்காவுக்கு ஆபரேஷன் புண் ஆறவில்லை, காலைக் கூட்டத்தில் பஸ் ஏற முடியாது. மதியம்தான் போவாள். அதனால் இரவில் பிழிந்த பாலை ஐஸ் பெட்டியில் வைத்து நான் கொண்டு போகிறேன்.

முதலில் லேப் ஜன்னல். லேப் அக்கா அதில் கொஞ்சம் எடுத்து, வெந்நீர்த் தொட்டியில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, நன்றாகக் கலக்கி, மெஷினின் குழாயில் வைப்பார். மெஷின் உறிஞ்சிக்கொண்டு எண்களைக் காட்டும். புரதம் எவ்வளவோ அதைப் பார்த்துத்தான் வார்டில் பாலோடு சத்துப் பவுடர் சேர்ப்பார்கள். சுண்டு மாதிரிக் குழந்தைகளுக்கு வெறும் தாய்ப்பால் போதாதாம்.

இன்று 0.8. நூறு மில்லிக்கு ஒரு கிராம்கூட இல்லை.

"மூஞ்சிய ஏன் தூக்கி வச்சுக்கறே? குறைஞ்சா பவுடரைக் கூட்டுவோம். அதுக்குத்தானே அளக்கறது," என்றார் லேப் அக்கா.

ஆனால் மாமா, அக்காவின் கணவர், வார்டில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் சொல்லிவிட்டார். அத்தை அக்காவைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்துக் கேட்டார்: "ஒண்ணுகூட வாங்கலியா? இது பாலா, இல்ல உன் தங்கச்சியோட கணக்கு மார்க்கா?"

அக்கா சாப்பிடாமல் எழுந்து போனாள்.

ஜூலை 3, வியாழன்

அக்காவுக்குப் பால் குறைந்துகொண்டே போகிறது. கைப்பம்பை அழுத்தி அழுத்தி உள்ளங்கை சிவந்துவிட்டது. இன்று காலை பாட்டிலின் அடியை மறைக்கும் அளவுதான் வந்தது.

அத்தை கதவோரம் நின்று, "என்ன, இன்னிக்காவது பாஸா?" என்றார்.

"அம்மா, விடேன்," என்றார் மாமா, கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல். மாமாவால் முடிந்த சண்டை அவ்வளவுதான்.

"நான் என்னடா சொல்லிட்டேன்? மூணு பெத்தேன். எவனும் என் பாலைக் கொண்டுபோய் அளக்கல. பிள்ளைங்க கல்லு மாதிரி வளர்ந்துச்சு. இவளுக்குப் பால்னு பேருதான், உள்ள தண்ணி. என் பேரன் எலும்பும் தோலுமாக் கிடக்கான்."

அக்கா பம்பை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒரு சொட்டும் வரவில்லை. அழுத்துகிற சத்தம் மட்டும்.

ஜூலை 7, திங்கள்

இரண்டு பாட்டில் நிறையப் பால்! நேற்றும் அப்படித்தான்.

எண் 1.9.

லேப் அக்கா மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கக்கா அப்படி என்னதான் சாப்பிட்டா? எனக்கும் சொல்லேன், நானும் கொஞ்சம் தேறுறேன்."

ராத்திரி அத்தையே அக்கா தட்டில் முட்டை வைத்தார். "பார்த்தியா, நாலு வார்த்தை சொன்னாத்தான் உடம்புக்கும் ரோஷம் வருது." மாமாகூடச் சிரித்தார். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அக்கா மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. வெட்கம் போல.

ஜூலை 9, புதன்

வெட்கம் இல்லை.

காலையில் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஆடை வராமல் கைக்குட்டையில் வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சால் எடுத்துப் பாட்டிலுக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். பாட்டிலில் பாதிக்கு அவள் பால் ஏற்கெனவே இருந்தது.

"என்னக்கா பண்றே?"

"ஷ்ஷ். கதவைச் சாத்து."

"அது மாட்டுப்பால்க்கா."

"ஆமா. அவங்க போடற பவுடர் மட்டும் ஆகாசத்துல இருந்தா வருது? அதுவும் மாட்டுப்பால்தான். டப்பாவுல போட்டிருக்கு, நானே படிச்சேன். அவங்க அங்க கலக்கறாங்க, நான் இங்க கலக்கறேன். என்ன வித்தியாசம், சொல்லு பாக்கலாம்?"

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அது இல்லை. ஆனால் ஏதோ வித்தியாசம் இருக்கிறது. இல்லாவிட்டால் அக்கா ஏன் கைக்குட்டையை உடனே அலசிப் பிழிந்து ஒளித்து வைக்க வேண்டும்?

என் மணிக்கட்டைப் பிடித்தாள். "யார்கிட்டயாவது சொன்னே, நான் உயிரோட இருக்க மாட்டேன். பார்த்துக்க." பிறகு கையை விட்டுவிட்டு, பிடித்த இடத்தைத் தானே தடவிக் கொடுத்தாள். வலித்ததா என்று கேட்டாள்.

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ஒன்று சொன்னால் செய்துவிடுவாள்.

ஜூலை 10, வியாழன்

இன்றும் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன்.

ஜூலை 12, சனி

லேப் அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் எங்கள் மேல் இல்லை, மெஷின் மேல்.

"நாளாக ஆக தாய்ப்பால்ல புரோட்டீன் இறங்கும், ஏறாது. உங்கக்காவுக்கு ஏறுது. சர்க்கரை வேற இறங்குது. எங்க கிழவனுக்குப் புத்தி கலங்கிடுச்சு." மெஷினைக் கிழவன் என்றுதான் சொல்வார். கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாலுக்குள் அனுப்பி, புரதம் அதில் எவ்வளவு விழுங்கியது என்று பார்த்துக் கணக்குச் சொல்கிற மெஷின் அது. மூன்று நாளாக அதைக் கழற்றித் துடைத்து, அளவு தெரிந்த திரவத்தை ஊற்றிச் சோதித்திருக்கிறார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அப்போதும் நம்பவில்லை. பாலில் ஒரு சாயத்தை விட்டுப் பார்த்தாராம். புரதம் கூடக் கூட நீலம் ஏறுகிற சாயம். நீலம் நன்றாகவே ஏறியது. அதன்பிறகு அமிலத்தில் கொதிக்கவைத்து நைட்ரஜனை அளக்கிற பழைய முறை. "இது மெதுவாத்தான் பேசும். ஆனா வாயத் திறந்தா சத்தியம்," என்றார். அதுவும் அதையே சொன்னது.

"மூணு பேரும் ஒரே வார்த்தை. அப்ப உண்மையாத்தான் இருக்கணும். உங்கக்கா பெரிய ஆளுதான் போ."

பாவம், இவ்வளவு உழைத்திருக்கிறார். அந்த நேரமெல்லாம் நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது, சத்தம்தான் வரவில்லை. "தண்ணி வேணுமா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

பால் நன்றாக இருக்கிறதென்று டாக்டர் பவுடரைப் பாதியாகக் குறைத்துவிட்டாராம். மாமா பெருமையாகச் சொன்னார். இப்போதெல்லாம் நிறைய வருகிறதென்று மீதிப் பாலை வார்டு ஃபிரீசரிலும் வைக்கிறார்களாம்.

ஜூலை 14, திங்கள்

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள சாக்கடையில் எல்லாவற்றையும் ஊற்றிவிட்டேன். மூடி சரியாக இல்லை, கொட்டிவிட்டது என்று லேப் அக்காவிடம் சொன்னேன். "அதுக்கு ஏன் அழறே? பால் வங்கியில வேற அம்மாங்க குடுத்தது இருக்கு, இன்னிக்கு அதைக் குடுப்பாங்க," என்றார். இன்று ஒரு நாள் சுண்டு நல்ல பால் குடித்திருப்பான். யாரோ முகம் தெரியாத அம்மாவுடையது.

தினமும் இப்படியே செய்துவிடலாம் என்று நினைத்தேன். என்ன முட்டாள் நான்.

"கையில என்ன ஓட்டையா? ரெண்டு பாட்டிலக் கொண்டுபோகத் துப்பில்ல, தின்ன மட்டும் தெரியுது," என்று அத்தை கத்தினார். நாளையிலிருந்து மாமாவே தான் ஓட்டும் டெலிவரி வேனில் போகும்போது கொடுத்துவிடுவாராம்.

நானேதான் கொட்டினேன் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. படுக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 16, புதன்

சுண்டுவின் வயிறு ஊதிவிட்டது. தோல் பளபளவென்று நீலம் பாரித்துக் கிடக்கிறதாம். பச்சையாக வாந்தி எடுத்தானாம். மலத்தில் ரத்தமாம். வாய்வழி ஒன்றும் கிடையாது, எல்லாம் ஊசி வழிதான் என்று நிறுத்திவிட்டார்கள்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் நேராக அடுப்படிக்குப் போய், இருந்த பாக்கெட் பால் முழுவதையும் வெட்டித் தொட்டியில் ஊற்றினாள். "காப்பிக்கு என்னடி பண்றது?" என்று அத்தை கேட்டது அவள் காதில் விழவில்லை.

பிறகு மாடிப்படியில் என்னைப் பிடித்தாள். "அதனாலயாடி? சொல்லு. அதனாலயா?"

"தெரியலக்கா. டாக்டர்கிட்ட சொல்லிடுக்கா. அவங்களுக்குத் தெரிஞ்சா அதுக்குத் தக்க மருந்து குடுப்பாங்க."

"சொன்னா அவனை என் கையில குடுக்கவே மாட்டாங்க. இவங்களும் என்னை வெளிய தள்ளிடுவாங்க. நீ எங்க போவே? யோசிச்சியா?"

யோசிக்காமல் இருப்பேனா! தினமும் இந்த வாளியின் மேல் உட்கார்ந்து அதைத்தானே யோசிக்கிறேன். எங்கே போவோம்? அப்பாவின் அறை பூட்டிக் கிடக்கிறது. என் பள்ளிக்கூடம்? அதைவிட, அக்கா சொன்னதைச் செய்துவிட்டால்? மாடியில் கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது.

ஜூலை 18, வெள்ளி

சுண்டுவுக்குப் பரவாயில்லை. வயிறு கொஞ்சம் இளகியிருக்கிறது. நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஒரு மில்லியில் மறுபடி ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தாய்ப்பால்தான் நல்லதாம். ஃபிரீசரில் அக்காவின் பால்தான் இருக்கிறதே.

இருக்கிறது. அதில் எது அக்காவுடையது, எது கலந்தது? அக்காவுக்கே தெரியாது. "நல்ல பாட்டிலாத்தான் எடுப்பாங்க," என்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறாள். "சாமி அவ்வளவு மோசமாவா பண்ணும்?"

பள்ளி விட்டதும் லேப் ஜன்னலுக்கு ஓடினேன். என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. லேப் அக்காவே ஆரம்பித்தார். அந்தச் சர்க்கரை இறங்கியது அவரை விடவில்லையாம்.

"கிழவனும் சாயமும் நைட்ரஜனும் எவ்வளவுன்னுதான் சொல்லும். யாரோடதுன்னு சொல்லாது. அதுக்கு ஜெல் ஓட்டணும்."

இரண்டு கண்ணாடித் தட்டுக்கு நடுவே மெல்லிய ஜெல்லி. மேலே ஒரு சொட்டுப் பாலை விட்டு மின்சாரம் கொடுத்தால் புரதங்கள் கீழ்நோக்கி ஓடும். சின்னது வேகமாக, பெரியது மெதுவாக. சாயம் போட்டதும் நின்ற இடமெல்லாம் கோடு கோடாகத் தெரியும். மாட்டுப்பாலில் ஒரு கோடு உண்டு. மனிதப் பாலில் அந்தக் கோடே கிடையாது. பவுடர் சேர்ப்பதற்கு முன்பே எடுத்து வைத்த பால்தான் லேபில் இருக்கிறது, அதனால் பவுடர் மேல் பழி போடவும் முடியாது.

"எதுக்குக்கா அதெல்லாம்?" என்று கேட்டேன்.

"சும்மாதான். ஒருநாள் வேலை. திங்கட்கிழமை ஓட்டறேன்."

திங்கள். ஞாயிறு அதற்கு முன்னால் வருகிறது.

ஞாயிறு முன்னால வருதே. நான் என்ன செய்ய? சொன்னா அக்கா. சொல்லலேன்னா சுண்டு. யாராவது வந்து என்கிட்ட இருந்து இதை வாங்கிக்கங்களேன்.

ஜூலை 19, சனி

சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை லேப் மதியம்வரைதான். நான் போனபோது லேப் அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வா வா, இன்னிக்கு என்ன கொட்டினே?" என்று சிரித்தார்.

"அது மாட்டுப்பால்க்கா. எங்கக்கா கலந்தா. நாளைக்கு அதைக் குடுத்துடாதீங்க."

இவ்வளவுதான். பத்து நாளாகத் தொண்டையில் இருந்தது இவ்வளவுதான்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். கழற்றிய கையுறையை மறுபடி மாட்டப் பார்த்தார், எதற்கு என்று தெரியாமல் கீழே வைத்தார். பிறகு வார்டுக்கு ஃபோன் செய்தார். "ஏழாம் நம்பர் பெட்டிக் குழந்தையோட பாட்டில் எதையும் தொடாதீங்க. ஒண்ணையும். டாக்டரைக் கூப்பிடுங்க."

ஃபோனை வைத்துவிட்டு மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மூணு நாள் இதைக் கழற்றித் துடைச்சிட்டு இருந்தேன் நான். ஒரு தடவை உங்கக்காவைக் கூப்பிட்டுப் பேசல."

எனக்கு வேறொன்றுதான் முக்கியமாக இருந்தது. "எங்கக்கா செத்துப் போயிடுவேன்னு சொல்லியிருக்கா."

அவர் உடனே எழுந்தார். "இப்ப எங்க இருக்கா?"

"மேல. வார்டுல."

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படியேறி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அக்கா கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் நாற்காலியில் இருந்தாள், துளைக்குள் கையை விட்டுச் சுண்டுவின் காலைத் தொட்டபடி. எங்களைப் பார்த்தாள். முதலில் அவரை, பிறகு என்னை. எல்லாம் புரிந்துபோன அந்த முகம்! அதை எழுத எனக்கு வரவில்லை.

இரண்டு நர்சுகள் இன்று ராத்திரி அவளைத் தங்களோடு அறையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தனியாக விடமாட்டோம் என்று சொன்னார்கள்.

ஜூலை 21, திங்கள்

ஜெல்லில் அந்தக் கோடு இருந்தது. ஃபிரீசரில் இருந்த பாட்டில்களில் பாதிக்கு மேல்.

டாக்டர் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னார். மாமா வந்து அத்தையிடம் சொன்னார். அத்தை தெருவே கேட்கும்படி கத்தினார்: "பெத்த பிள்ளைக்கே விஷம் வச்சவ! இனிமே இந்த வாசல்ல கால் வைக்கட்டும், பார்த்துக்கறேன்!"

நான் அத்தைக்கும் மாமாவுக்கும் நடுவில் போய் நின்றேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ. "தண்ணி, தண்ணின்னு தினமும் சொன்னது யாரு அத்தை?"

கன்னத்தில் அறை விழுந்தது. அத்தையிடமிருந்து இல்லை, மாமாவிடமிருந்து. அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டு அவரே தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கொஞ்ச நாளைக்கு உங்கப்பா இடத்துல இருங்க," என்றார் சுவரைப் பார்த்து.

என் புத்தகங்கள் ஒரு பையில், துணி ஒரு பையில். அப்பாவின் அறைச் சாவி பக்கத்து மெக்கானிக்கிடம் இருந்தது. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கேயே வந்துவிட்டாள்.

ஜூலை 24, வியாழன்

சுண்டுவின் வயிற்றுக்குள் ஓரிடத்தில் குடல் ஓட்டையாகிவிட்டது. ஆபரேஷன் செய்து, அழுகின பகுதியை வெட்டி எடுத்தார்கள். மலம் வெளியேற வயிற்றின் மேல் ஒரு சின்னப் பை. உயிர் இருக்கிறது.

அக்கா டாக்டரிடம் கேட்டாள், நான் பக்கத்தில் இருக்கும்போதே. "என்னாலயா?"

"குறை மாசத்துல பிறந்த குழந்தைக்கு இது தானாவும் வரும்மா. வேற பால் போனா ஆபத்து கூடும். உங்களாலதான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்," என்றார் அவர்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட அக்கா அழுது முடித்திருப்பாள். நான் ஒன்பதாம் தேதியே சொல்லியிருந்தால் என்று யாரிடம் போய்க் கேட்பது? அவரிடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

ஜூலை 30, புதன்

அக்கா என்னோடு பேசவில்லை. பாயை அறையின் அந்தக் கோடியில் போட்டுக்கொள்கிறாள். ராத்திரி எழுந்து பம்பை அழுத்துகிறாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பால் வருகிறது. இங்கே அவளைக் கேள்வி கேட்க யாரும் இல்லை, அதனால் இருக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி ஆலோசகரிடம் போய்ப் பேசுகிறாள். அவரிடம் மட்டும் பேசுகிறாள்.

அப்பா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். "பெரியவளே", "சின்னவளே" என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். இரண்டு பேரும் அவருக்குத்தான் பதில் சொன்னோம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சுண்டுவுக்கு மறுபடி பால் கொடுக்கத் தொடங்கி நான்கு நாளாகிறது. பால் வங்கிப் பால். அக்காவின் பாலைக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் ஜெல்லில் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா மறுக்கவில்லை. மூன்று பாட்டில் கொண்டுபோய் லேபில் கொடுத்தாள். என் கையில் தரவில்லை.

இன்று விடுமுறை. நானும் பின்னாலேயே போனேன். ஜன்னலருகே அக்கா நின்றாள். லேப் அக்கா ஒரு கண்ணாடித் தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். நீலக் கோடுகள். விரலால் ஓர் இடத்தைத் தொட்டார், அங்கே ஒன்றும் இல்லை.

"வேற எதுவும் இல்லம்மா. உன்னோடது மட்டும்தான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் அக்கா.

"உன்னோடது மட்டும்தான்."

எண் எவ்வளவு என்று அக்கா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரு மில்லியைக் குழாய் வழியாகச் சுண்டுவுக்குக் கொடுத்தார்கள். வெளியே இருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தப் பக்கக் கதவருகே மாமாவும் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது காணோம். குழந்தை தேறினால் எந்த வீட்டுக்குப் போவான் என்று யாரும் இன்னும் பேசவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. அக்கா என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவள் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் நிறுத்தம் வந்தது. எழுந்து படியருகே போனவள் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள், நான் எழுந்துவிட்டேனா என்று. எழுந்தேன். அதுவரை இறங்காமல் நின்றாள்.